நட்சத்திரம் ஒட்டிய கேக் பெட்டி

போன கிழமை கல்முனைக் கடைத்தெருவில், ஒரு பெரிய கடைக்குள் நின்று கேக் பெட்டியொன்றின் பின்பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். டிசம்பர் பிறக்கவே இன்னும் நாள் கிடக்கிறது. அதற்குள் கடைக்காரர்கள் நத்தாரை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டார்கள். கண்ணாடி முழுக்கப் பஞ்சுப் பனி. பற்றரியில் இடுப்பை ஆட்டும் நத்தார் தாத்தா. பெட்டியில் இருந்த எழுத்தோ எறும்பின் கால் அளவு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பெட்டியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். விற்கும் பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது.

"அன்ரி, டேட் எல்லாம் சரியாத்தான் இரிக்கி. வேணுமெண்டா எடுங்க."

திகதியைப் பார்க்கவில்லை மகள், என்றேன். அப்படியென்றால் என்னத்தைப் பார்க்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு வேலை இருக்கிறது. உங்களுக்கு என்ன வேலை? என் வயதுக்காரர்கள் நீங்கள், முழங்கால் வலியையும் பழைய கதையையும் பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டீர்கள். ஆகவே உங்களிடம் சொல்கிறேன். பத்து வயதிலிருந்து நான் எந்தக் கேக் பெட்டியையும் பின்பக்கம் வாசிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை.

அது எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு அடுத்த வருடம். எங்கள் கோயில் கூரையில் பாதி ஓடு, பாதி தகரம். மழை பெய்தால் போதகர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார், தகரச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அப்பா ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுப்பவர், சபையில் மூப்பர். எங்கள் சபையில் யாரும் மது தொடுவதில்லை. இராப்போசனத்துக்குக்கூடக் கொதிக்கவைத்த திராட்சைச் சாறுதான். ஞாயிறு பள்ளிக்கூடத்தில் ஒரு அட்டை தருவார்கள். கள், சாராயம், பிராந்தி எதையும் தொடமாட்டேன் என்று தமிழில் ஒரு பக்கம், இங்கிலீஷில் மறுபக்கம். சிறுவர்களாகிய நாங்கள் அதில் கையெழுத்து வைப்போம். எட்டு வயதில் நான் பிராந்தியைக் கைவிட்டேன் என்று சொல்லி என் பிள்ளைகளைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லை இரண்டு பாஷையிலும் வாசிக்கக் கற்றுக்கொண்டது அந்த அட்டையில்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தா வீடு; முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்றும் அண்ணனைக் காக்கா என்றும் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே. ராத்தாவின் புருசன் பள்ளிவாசலில் மோதினார். ஐந்து நேரமும் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்வது அவர்தான். அவருடைய குரலைக் கேட்டுத்தான் அம்மா உலை வைப்பார், அப்பா வேலைக்குப் புறப்படுவார். வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு இடைவெளி இருந்தது. சூறாவளி வேலி முழுவதையும் கொண்டுபோனபோது புதிதாகக் கட்டினோம். கட்டியவனிடம் அந்த இடைவெளியை மறக்காமல் விடச் சொன்னவர் ராத்தா.

எங்கள் வீட்டு நத்தார் ராத்தா இல்லாமல் நடந்ததில்லை. கோழி அறுப்பது மோதினார். அவர் அறுத்தால்தானே தெருவில் எல்லாரும் சாப்பிடலாம். கேக்குக்கு முட்டை ராத்தாவின் கோழிகள் போட்டது. அதற்கென்று தனியாக அடி கனத்த ஒரு தாச்சிச்சட்டி எங்கள் வீட்டில் இருந்தது. வருடம் முழுக்கத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேல் கிடக்கும், வேறு எதற்கும் எடுக்கக்கூடாது. நத்தாருக்கு நாலு நாள் இருக்கும்போது ராத்தா வேலியால் நுழைந்து வந்து, எங்கள் குசினியில் பலகை போட்டு உட்கார்ந்து முட்டை அடிப்பார். ரவையும் பட்டரும் சீனிப்பாகில் போட்ட பூசணித் தோசியும் முந்திரிப் பருப்பும் அவர் கண்ணுக்கு முன்னால்தான் விழும். தாச்சியை மூடி, மூடிக்கு மேல் சிரட்டைத் தணல் பரப்பி, இரண்டு பேரும் மாறி மாறி ஊதுவார்கள். அம்மா இந்தக் கோடியில் ஞானப்பாட்டு முணுமுணுக்க, ராத்தா அந்தக் கோடியில் என்னவோ ஓதிக்கொண்டிருப்பார். கேக் அடிக்கடி அடிப்பிடிக்கும்.

எங்கள் தெருவில் ஒன்பது முஸ்லிம் வீடுகள். ஒன்பது வீட்டுக்கும் அந்தக் கேக் போகும். ஒரு வீட்டிலும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். அம்மாவின் கைப்பக்குவம்தான் காரணம் என்று அப்பா நினைத்திருந்தார். இப்போது யோசித்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது, அத்தனை படித்த மனிதருக்கு அது விளங்காமல் போனது. அவர்கள் நம்பியது கேக்கை அல்ல. ராத்தா பக்கத்தில் இருந்தார் என்பதை நம்பினார்கள்.

அந்த வருடம்தான் வெளிநாட்டுச் சாமான்கள் மழைபோல வந்து கொட்டின. கடைத்தெருவில் ஒரு ஹாஜியாரின் பேன்ஸிக் கடை. கல்முனையிலேயே முதன்முதல் கண்ணாடிக்குள் நத்தார் வைத்தவர் அவர். கிறிஸ்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய ஊரில், நத்தாரைக் கடைபோட்டு விற்றது ஒரு ஹாஜியார், வாங்க முண்டியடித்தது நாங்கள். சாவி கொடுத்தால் தலையை ஆட்டும் தாத்தா ஒன்று கடை வாசலில் நின்றது. பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த கேக் பெட்டிகள், சிவப்பு நிறம், பொன் மணிகள் அச்சடித்தவை. அதற்கு மேல்தட்டில் அவள் இருந்தாள்.

பாவைப்பிள்ளை. மஞ்சள் முடி, நீலக் கண், வெள்ளைச் சப்பாத்து. நிமிர்த்தினால் கண் திறக்கும், படுக்கவைத்தால் கண் மூடும். ஒரு டசன் கேக் பெட்டி எடுப்பவர்களுக்கு அவள் இலவசம். அன்றைக்கு அந்தக் கண்ணாடியில் என் மூச்சுப் பட்டுப் படிந்த ஆவியை ஹாஜியார் இரண்டு முறை துடைத்தார்.

அப்பா வீட்டில் பேச்சை எடுத்தது சாப்பாட்டு நேரத்தில்.

"டொக்டர் வீட்ட, எஞ்சினியர் வீட்ட எல்லாம் இப்ப கொழும்புக் கேக்தான் குடுக்கிறாங்க. நாம மட்டும் இன்னும் சிரட்டைக் கரிக்கு ஊதிக்கொண்டு இருக்கிறதா?"

"ராத்தாட்ட நான் என்ன சொல்ற?" என்றார் அம்மா.

"இந்த முறை அவவுக்கும் லேசு எண்டு சொல்லு."

"உள்ளுக்கு என்னத்தப் போட்டிருக்கிறானோ."

"ஹாஜியார்ர கடையில எடுக்கிறது. அவங்களுக்கு ஆகாததை அவர் விப்பாரா? நீயும் உன்ர பயமும்!"

அம்மா வேலியால் நுழைந்து போனார். ராத்தாவிடம் போய்ச் சொன்னபோது அவர், "ஓம், நல்லதுதானே, ஒனக்கும் இடுப்பு நோ" என்றாராம். அன்று பின்னேரம் ஒரு கூடை முட்டை வேலியடியில் இருந்தது. எதற்கென்று சேர்த்தாரோ அதற்கு வேண்டாம் என்று ஆன பிறகும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு கிழமைக்கு நாங்கள் முட்டைக் குழம்பு சாப்பிட்டோம்.

நத்தாருக்கு முதல்நாள் காலை பன்னிரண்டு பெட்டியும் தையல் மெஷினுக்கு மேல் அடுக்கியிருந்தன. பொம்மை என் கட்டிலில் கண் மூடிக் கிடந்தாள். எனக்கு எழுத்தைக் கண்டால் விடமுடியாது. உப்புப் பையில் இருப்பதையும் வாசிக்கிறவள் நான். ஒரு பெட்டியைத் திருப்பினேன். மாவு, சீனி, பட்டர், பழம் என்று இங்கிலீஷில் போய்க்கொண்டிருந்தது. நாலாவது வரியில் அந்தச் சொல் இருந்தது. அட்டையில் நான் கையெழுத்து வைத்த அதே சொல்.

 இன்னொரு பெட்டியைத் திருப்பினேன். அதிலும் இருந்தது. பன்னிரண்டையும் திருப்பிப் பார்த்தேன், ஏதாவது ஒன்றிலாவது இல்லாமலிருக்காதா என்று. குசினியில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பத்து அடி தூரம். "அம்மா" என்று ஒரு சொல் கூப்பிட்டால் போதும்.

கூப்பிட்டால் பெட்டிகள் கடைக்குத் திரும்பிப் போகும். பெட்டி போனால் பொம்மையும் போகும்.

கூப்பிடவில்லை. இதை விட்டுவிடலாம், பிள்ளைதானே என்று சொல்லலாம். அடுத்ததாக நான் செய்ததற்கு அப்படிச் சொல்ல முடியாது. எட்டு வீட்டில் இங்கிலீஷ் வாசிப்பவர் இல்லை. ராத்தாவின் மகள் மட்டும் பத்தாம் வகுப்பு, இங்கிலீஷ் நன்றாக வாசிப்பாள். ஞாயிறு பள்ளிக்கூடத்தில் தவறாமல் வருகிறவர்களுக்கு அட்டையில் ஒட்ட ஒரு பொன் நட்சத்திரம் தருவார்கள், பின்பக்கத்தை நக்கினால் ஒட்டும். என்னிடம் ஒன்று மிச்சம் இருந்தது. அதை நக்கி, ராத்தா வீட்டுப் பெட்டியில் அந்தச் சொல்லின்மேல் ஒட்டினேன். அழகாகத்தான் இருந்தது. பெட்டியோடு சேர்ந்து வந்ததுபோல.

பின்னேரம் பெட்டிகளைத் தட்டில் வைத்து, மேலே துணி போட்டு, வீடு வீடாகக் கொண்டுபோனது நான். கடைசியாக ராத்தா வீடு. ராத்தா பெட்டியைக் கையில் வாங்கி அப்படியும் இப்படியும் பார்த்தார். இதற்கு முதல் எங்கள் வீட்டுக் கேக்கை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"மகள், இதுக்குள்ள எங்களுக்கு ஆகாதது ஒண்டும் இல்லதானே?"

"இல்ல ராத்தா."

தயங்காமல் சொன்னேன். கிணற்றடியில் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்துவிட்டு மோதினார் வந்தார், முழங்கை ஈரமாக இருந்தது. ராத்தா ஒரு துண்டு வெட்டி நீட்டினார். அவர் அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்லி வாயில் வைத்தார்.

"நல்ல வாசமா இரிக்கி" என்றார். "கொழும்பு வாசம்."

நான் எதுவோ சொல்ல வாயைத் திறந்திருக்கவேண்டும், ஏனென்றால் ராத்தா, "என்ன புள்ள, ஒனக்கும் வேணுமா?" என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டு ஓடிவந்தேன். எங்கள் கொய்யா மரத்தடிக்கு வந்து சேரவும் ஒலிபெருக்கி கரகரக்கவும் சரியாக இருந்தது. பின்னேரத் தொழுகை அசருக்குப் பாங்கு. அந்தத் துண்டு விழுங்கிய தொண்டையிலிருந்து அந்தக் குரல் எழும்பி வந்தது. எத்தனையோ ஆயிரம் முறை கேட்ட குரல். அன்றைக்கு நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

மறுநாள் நத்தார். விடிய எழும்பி, குளித்து, புதுச்சட்டை போட்டு, கோயிலுக்குப் போக முதல் தேநீரும் கேக்கும். முதல் துண்டு அப்பாவுக்கு. கடித்தவர் மெல்லவில்லை. மூக்கை வைத்தே மருந்துப் போத்தல் எது என்று சொல்லக்கூடிய மனிதர் அவர். வாயில் இருந்ததைக் கையில் எடுத்தார். அதை முகர்ந்தார். பெட்டியைத் திருப்பினார். அவருடைய முகம் அப்படி வெளுத்து நான் அதற்கு முதலும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை.

"தின்னாதே" என்றார் அம்மாவிடம். "துப்பு."

அம்மா துப்பினார். பிறகு அம்மா கேட்டார், "ஒன்பது வீடு?"

"ஒன்பது வீடு" என்றார் அப்பா.

கோயிலில் அன்று வேதப்பாடம் வாசிக்கவேண்டியவர் அப்பா. ஆராதனை தொடங்க முதல், பக்கத்து அறைக்குள் போதகரிடமும் மற்ற மூப்பர்களிடமும் சொன்னார். நான் அப்பாவின் கையைப் பிடித்தபடி நின்றேன். ஒரு மூப்பர் சட்டென்று கதவைச் சாத்தினார்.

"இதை ஏன் வெளியில கதைக்கிறீர்? தெரியாமச் சாப்பிட்டா அவங்களுக்குப் பாவம் இல்ல. எங்கட சட்டம் இல்ல, அவங்கட சட்டமே அப்பிடித்தான்."

"அவங்களுக்குப் பாவம் இல்ல" என்றார் அப்பா. "எனக்கு?"

போதகர் நல்லவர். அப்பாவின் தோளில் கைவைத்து, புதுவருடம் கழியட்டும், ஆறுதலாகச் சொல்லலாம், காலம் சரியில்லை, ஒரு சொல்லில் இரண்டு தெரு மூண்டுவிடும் என்றார். அதுவும் நியாயமான பயம்தான், பிற்காலத்தில் நாம் எல்லாரும் பார்த்தோமே. ஆனால் அப்பா வேதப்புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார். உள்ளே முதல் பாட்டுத் தொடங்கிவிட்டது. நத்தார் அன்று மூப்பர் ஒருவர் கோயிலை விட்டு இறங்கிப் போவதை எல்லாத் தலையும் திரும்பிப் பார்த்தது. என்னை அவர் கூட்டிக்கொண்டு போனதற்குக் காரணம், பெட்டி கொடுத்தவள் நான். எந்த வீட்டில் யார் வாங்கினார் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு வாசலிலும் அவர் சொன்னது ஒன்றுதான். "நான் தந்த கேக்கில பிராந்தி இருக்கு. நான் வாசிக்கல்ல. பிழை என்ர. மன்னிச்சுக்கொள்ளுங்க." ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. மிச்சமிருந்த கேக்கைப் பெட்டியோடு திருப்பி வாங்கிச் சாக்கில் போட்டார்.

தையல்காரர் வீட்டில் பிள்ளைகள் முழுவதையும் தின்று முடித்திருந்தார்கள். தாய் கடைக்குட்டியை இழுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடி வாயைக் கழுவத் தொடங்கினார். பிள்ளை வீரிட்டு அழுதது. நேற்றே வயிற்றுக்குள் போனதை இன்றைக்குக் கழுவுகிறாரே என்று அப்போது நான் நினைத்தேன். இன்னொரு வீட்டில், கிழவர் ஒருவர், அப்பா சொல்லி முடிக்குமுன்பே கதவைச் சாத்தினார். நெசவுக்காரர் வீட்டில் மட்டும் அந்த மனிதர், "கோயிலுக்குப் போகாமலா வந்தீங்க?" என்று கேட்டார். ஓம் என்றார் அப்பா. "போங்க ஐயா, போங்க, இன்னும் முடிஞ்சிருக்காது" என்றார். அப்பா போகவில்லை.

வழியில் ஹாஜியாரின் கடை. சனம் நிறைந்திருந்தது. அப்பா அவரை ஒரு பக்கமாக அழைத்துப் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். ஹாஜியாருக்கு எழுத்து விளங்கவில்லை, அப்பாவின் முகம் விளங்கிவிட்டது.

"யா அல்லாஹ்" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஐயா, நீங்க படிச்ச மனுசன், குடி தொடாத மனுசன். நீங்க ஒரு டசன் எடுத்தீங்க. வாசிக்காம எடுப்பீங்களா எண்டு நினைச்சன். நீங்க எடுத்த பிறகுதான் எங்கட வீட்டுக்கும் ஒண்டு குடுத்து விட்டன்."

"நான் உங்கட கடை எண்டுதான் எடுத்தன், ஹாஜியார்."

 அவரை நம்பி இவர், இவரை நம்பி அவர். வாசித்தவள் ஒருத்திதான், அவள் புதுச் சப்பாத்தோடு பக்கத்தில் நின்றாள். வாசலில் தாத்தா தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. ஹாஜியார் எழுந்து போய் அதன் சாவியைப் பிடுங்கினார். மிச்சப் பெட்டிகளைக் கண்ணாடியிலிருந்து இறக்கத் தொடங்கினார்.

கடைசியாக ராத்தா வீடு.  மற்றப் பெட்டிகளைப்போல ராத்தா வீட்டுப் பெட்டியும் அப்பாவின் கைக்கு வரும். அதன்மேல் நட்சத்திரம் இருக்கும். அந்த நட்சத்திரம் எங்கிருந்து வந்தது என்று அப்பாவுக்குத் தெரியும். ஞாயிறு பள்ளிக்கூடத்துக்கு அதை வாங்கிக் கொடுக்கிறவரே அவர்தான்.

மோதினார் வாசலில் நின்றார். பக்கத்தில் ராத்தா. அப்பா சொல்லவேண்டியதைச் சொன்னார். அந்த வீட்டில் மட்டும் ஒரு கேள்வியும் கேட்டார்.

"காக்கா, பாங்கு சொல்லப் பள்ளிக்குப் போக முந்தியா சாப்பிட்டீங்க?"

"ஓம் தம்பி."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் ராத்தாவைப் பார்த்தேன். ராத்தாவும் என்னைப் பார்த்தார். இப்போது சொல்லப்போகிறார்: உன் மகளிடம் கேட்டேனே, இல்லை என்றாளே. சொல்லட்டும், முடியட்டும் என்றுகூட எனக்கு இருந்தது.

"நான் கேட்டு வாங்கியிருக்கணும்" என்றார் ராத்தா. "ஒண்டும் கேக்கல்ல. என்ர பிழை."

 மோதினார் சட்டென்று மனைவி பக்கம் திரும்பினார். அந்த மனிதர் சத்தம் வைத்துப் பேசி நான் கேட்டதே இல்லை.

"கேக்காமலா வாங்கின நீ? இத்தின வயசு போய் அறிவு இல்லையா ஒனக்கு? வாயில்லையா?"

எங்கள் முன்னால் வைத்து ஏசினார். ராத்தா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். அப்பா பதறிப்போய், அவவை ஏசாதீங்க காக்கா, அவவை ஏசாதீங்க என்று இடையில் புகுந்தார். பிறகு, தயங்கித் தயங்கி, மிச்சப் பெட்டியைக் கேட்டார்.

"அத அப்பவே அடுப்புக்குள்ள வெச்சிட்டன்" என்றார் ராத்தா.

அப்பாவுக்கு அது சாட்டையடி மாதிரி இருந்திருக்கவேண்டும். நாங்கள் கொடுத்ததை அந்த வீடு அடுப்பில் போட்ட முதல் நத்தார் அது. எனக்கோ உயிர் திரும்பி வந்தது. தப்பிவிட்டேன், அல்லாஹ்வோ இயேசுவோ யாரோ என்னைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன். பிள்ளைப் புத்தி அப்படித்தான் போகும்.

வீட்டுக்கு வந்து, பொம்மையையும் திருப்பிக் கொடுத்துவிடுவோமா என்று அம்மா கேட்டார். அப்பா வேண்டாம் என்றார். "அவள் என்ன செய்தாள்? பிள்ளைக்கு இதில என்ன பிழை?" என்று என் தலையைத் தடவினார். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அந்தக் கையின் பாரம் என் தலையில் இருக்கிறது.

அன்று பகல் லுஹர் தொழுகைக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. வந்தது வேறு குரல்.

இளம் குரல், அவசரக் குரல். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் அப்பா கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போனார். தெரியாமல் நடந்ததில் குற்றமில்லை என்று பள்ளியில் எல்லாரும் சொல்லியும், மோதினார் தன் மனம் ஆறும்வரை பாங்கு சொல்லமாட்டேன் என்றுவிட்டாராம். ஒரு கிழமை அந்த வேறு குரல். ஐந்து நேரமும் அது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருந்தது. பொம்மையோடு நான் விளையாடவேயில்லை. நிமிர்த்தினால் கண் திறந்து பார்க்கிறாளே. அலுமாரிக்கு மேல், தாச்சிக்குப் பக்கத்தில், மல்லாக்கப் படுக்கவைத்தேன். தொண்ணூறில் சண்டை மூண்டு, வீட்டைப் போட்டுவிட்டு ஓடியபோது அலுமாரியோடு அவளும் போனாள்.

அடுத்த நத்தாருக்கு அம்மா யாரையும் கேட்கவில்லை. தாச்சியை எடுத்து விளக்கினார். வேலியடியில் நின்று, "ராத்தா, முட்டை அடிக்க வாறீங்களா?" என்று கூப்பிட்டார். ஒரு வருடமாக அளந்து அளந்து கதைத்த இரண்டு பெண்கள். ராத்தா முட்டைக் கூடையோடு நுழைந்து வந்தார். முன்னைப்போலவே கேக் அடிப்பிடித்தது.

நத்தாருக்கு முதல்நாள் பின்னேரம் தட்டோடு நான் போனேன். மோதினார் கதிரையில் இருந்தார். ராத்தா தட்டை வாங்கக் கை நீட்டினார்.

"கேட்டு வாங்கு" என்றார் மோதினார்.

"நான்தானே முட்டை அடிச்ச, என்னத்தக் கேக்கிற?"

"கேட்டு வாங்கு எண்டன்."

ராத்தா என்னைப் பார்த்தார். "மகள், இதுக்குள்ள எங்களுக்கு ஆகாதது ஒண்டும் இல்லதானே?"

அதே கேள்வி, அதே சொற்கள். 

"இல்ல ராத்தா" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. "போன வருசமும் நீங்க கேட்டீங்க. நான்தான் பொய் சொன்ன. எனக்குத் தெரியும். நான் வாசிச்ச."

அழுகையோடு மோதினாரின் பக்கம் திரும்பினேன். "ராத்தாவை ஏசாதீங்க. அவ கேட்டவ."

"தெரியும்" என்றார் மோதினார்.

எனக்கு விளங்கவில்லை.

"எங்கட மகள் அண்டைக்குக் காலையில அந்த நட்சத்திரத்தை உரிச்சி எடுத்த. அழகா இரிக்கி எண்டு கொப்பியில ஒட்டப் பாத்த. கீழ இருந்ததை வாசிச்சா. ஒங்கட அப்பா வர முந்தியே எங்களுக்கு எல்லாம் தெரியும் புள்ள."

"அப்ப ஏன் ராத்தாவை ஏசினீங்க?"

அவர் தாடியைத் தடவினார். "நான் சும்மா இருந்திருந்தா ஒங்கட அப்பா, 'அதெப்பிடி கேக்காம வாங்குவீங்க' எண்டு யோசிக்கத் தொடங்கியிருப்பார். யோசிச்சா ஒன்னத்தான் பாப்பார். ஒங்கட பெருநாள் அண்டைக்கு. பெருநாளும் அதுவுமாப் புள்ளைக்கு அடி விழக்கூடாது."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்று அந்த வாசலில் நடந்தது அத்தனையும், அந்த ஏச்சு, அந்த அடுப்பு, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்ற ராத்தா, எல்லாம் எனக்காக. பத்து வயதுப் பொய்க்காரி ஒருத்தியின் நத்தார் கெட்டுவிடக்கூடாது என்பதற்காக.

"அப்பாட்டச் சொல்லணும் நீ" என்றார் மோதினார்.

"ஒண்டும் சொல்ல வேணாம்" என்றார் ராத்தா. "முடிஞ்ச கதை."

"சொல்லணும். ஆனா இண்டைக்கும் நாளைக்கும் வேணாம். பெருநாள் கழியட்டும்."

தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து, பிஸ்மி சொல்லி, வாயில் வைத்தார். கருகின பக்கம் அவருக்கு வந்திருந்தது.

பெருநாள் கழிந்தது. அடுத்த நாள் காலை அப்பா முகம் மழித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழுந்தது. பூவரசந்தடி, இரண்டு அடி. மூன்றாவதற்கு ஓங்கியவர், "அவங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார்.

"அண்டைக்கே" என்றேன். "நீங்க போக முந்தியே."

தடி அவர் கையிலிருந்து விழுந்தது. பாதி முகத்தில் சவர்க்கார நுரை. அதைத் துடைக்கவுமில்லாமல் வேலியால் நுழைந்து போனார். நான் கொய்யா மரத்தடியில் நின்று காலைத் தடவிக்கொண்டு கேட்டேன். அப்பா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, அவ்வளவு தாழ்ந்த குரல். ராத்தாவின் குரல்தான் தெரு முழுக்கக் கேட்டது.

"அடிச்சிட்டீங்களா? அப்ப நாங்க ஒரு வருசம் வாயப் பொத்திக்கொண்டு இருந்தது என்னத்துக்கு?"